நின்றும் இருந்தும் கிடந்தும்: நிலைத்தலையும் துயர் தாங்குதலையும் சொல்லும் தமிழ்ச் சொற்கள்

காலத்தைக் கடந்து நிற்பதையும் துன்பத்தைத் தாங்கி வாழ்வதையும் குறிக்கத் தமிழில் உள்ள சொற்களில் பெரும்பாலானவை வினைச்சொற்கள். அவற்றிலும் பெரும்பாலானவை உடம்பின் செயல்களிலிருந்து பிறந்தவை: நிற்றல், இருத்தல், கிடத்தல், சுமத்தல், தாங்குதல், குறி தவறுதல், சூடு ஆறுதல். நிலைபேறு, பொறுமை, ஆற்றல் முதலிய பெயர்கள் இவ்வினைகளிலிருந்து கிளைத்தவை. நிலைத்தலைச் சொல்லும் சொற்கள் ஒரு குடும்பம். துயர் தாங்குதலைச் சொல்லும் சொற்கள் இன்னொரு குடும்பம். இரண்டையும் அருகருகே வைத்துப் பார்த்தால் ஒரு கருத்து துலங்குகிறது. தமிழ் வழக்கில் எதுவும் தானாக நிலைப்பதில்லை. நிலைக்கும் ஒவ்வொன்றின் அடியிலும் அதைத் தாங்கும் ஒருவர் இருக்கிறார்.

மூன்று கோலங்கள்

வைணவக் கோயில்களில் திருமாலின் திருவுருவம் நின்ற கோலம், இருந்த கோலம், கிடந்த கோலம் என்று மூன்று வகையாக அமையும். மதுரைக் கூடல் அழகர் கோயிலிலும் உத்திரமேரூர் சுந்தரவரதப் பெருமாள் கோயிலிலும் ஒரே விமானத்தின் மூன்று தளங்களில் இம்மூன்றையும் காணலாம். உடம்பு கொள்ளக்கூடிய இந்த மூன்று நிலைகளிலிருந்தே தமிழ் தன் பொறுமைச் சொற்களில் ஒரு பெரும் பகுதியை எடுத்துக்கொண்டது.

நிற்பது உறுதியின் கோலம். சொன்ன சொல்லில் நிற்பவர் வாக்குத் தவறாதவர். நினைத்தது நடக்கும்வரை விட்டுக்கொடுக்காத பிள்ளை ஒற்றைக் காலில் நிற்கிறது. இருப்பது காத்தலின் கோலம். விரதம் இருக்கிறார்கள், கண்விழித்து இருக்கிறார்கள், பொறுத்து இருக்கிறார்கள். கிடப்பது வேறு வழியற்றவரின் கோலம். பட்டினி கிடந்தார்கள், காத்துக் கிடந்தார்கள், படுத்த படுக்கையாய்க் கிடந்தார் என்னும்போது துயரத்தின் கனம் உடம்பைத் தரையோடு சேர்த்துவிட்டது தெரிகிறது. ஆயினும் தவம் கிடந்து பெற்ற பிள்ளை என்ற வழக்கில் அந்தக் கிடத்தலே விரும்பி ஏற்ற நோன்பாக உயர்கிறது. பட்டினிக்கும் தவத்துக்கும் ஒரே வினையைப் பயன்படுத்தும் மொழி, இரண்டிலும் உடம்பு படும் பாடு ஒன்றுதான் என்பதை அறிந்திருக்கிறது.

இருத்தல் என்ற சொல்லுக்கு இலக்கணத்தில் தனி மரியாதை உண்டு. அகத்திணை மரபில் ஒவ்வொரு திணைக்கும் ஓர் உரிப்பொருள் வகுக்கப்பட்டது: குறிஞ்சிக்குப் புணர்தல், பாலைக்குப் பிரிதல், மருதத்துக்கு ஊடல், நெய்தலுக்கு இரங்கல், முல்லைக்கு இருத்தல். இங்கே இருத்தல் என்பது வெறுமனே உட்கார்ந்திருப்பதன்று. கார்காலத் தொடக்கத்தில் வருவேன் என்று சொல்லிப் போனவன் வரும்வரை மனம் உடையாமல் ஆற்றியிருப்பது. காத்திருத்தலை ஒரு நிலத்தின் இயல்பாகவே கண்ட இலக்கணம் அது.

நில், மன், நீடு

நில் என்ற வேரிலிருந்து நிலை, நிலைத்தல், நிலைபேறு, நிலையாமை, நிலையம் முதலிய சொற்கள் வந்தன. வாசலில் கதவைத் தாங்கும் சட்டம் நிலை. ஊர் சுற்றிவந்த தேர் சேருமிடமும் நிலை. தேர் நிலைக்கு வந்தது என்றால் திருவிழா நல்லபடி நிறைவேறியது என்று பொருள். கொடுக்கப்படாமல் நிற்கும் கடன் நிலுவை. இதே வினை எதிர்ப்பொருளும் தரும். மழை நின்றது, பேச்சு நின்றது, நிச்சயித்த கல்யாணம் நின்றுபோனது என்னும்போது நிற்றல் என்பது முடிதல். பேர் நின்றது என்னும்போது அது முடியாமை. நகர்ந்துகொண்டிருப்பது நின்றால் முடிவு. விழக்கூடியது நின்றால் நிலைப்பு. எது நிற்கிறது என்பதை வைத்துத் தமிழர் காது இரண்டையும் தடுமாறாமல் பிரித்தறிகிறது.

மன்னுதல் என்பது இன்று பேச்சில் இல்லாத பழைய சொல். நிலைபெறுதல் என்பது அதன் பொருள். மன் என்ற இடைச்சொல்லுக்குத் தொல்காப்பியம் கழிவு, ஆக்கம், ஒழியிசை என்று மூன்று பொருள் கூறுகிறது. இவற்றில் கழிவு என்பது இருந்து இல்லாமற்போனதைக் குறிப்பது. வினையாக நிலைப்பைச் சொல்லும் வடிவமே இடைச்சொல்லாக வரும்போது போய்விட்டதற்கான ஏக்கத்தைச் சொல்கிறது. புறநானூற்றின் 165ஆம் பாட்டு மன்னுதலைப் பற்றிய தெளிவான சிந்தனை. குமணனைப் பாடிய பெருந்தலைச் சாத்தனார், நிலையில்லாத உலகில் நிலைக்க விரும்பியவர்கள் தம் புகழை இங்கே நிறுத்திவிட்டுத் தாம் மறைந்தார்கள் என்கிறார். நிலைப்பது உடம்பன்று, பிறர் நாவில் நிற்கும் பேர் என்பது அவர் கண்ட முடிவு.

நீடு, நீள், நெடு என்பவை நீளத்தைக் குறிக்கும் சொற்கள். நிலத்தையும் கயிற்றையும் அளந்த சொல் காலத்தையும் அளக்க வந்தது. நீடுவாழ்க என்பது வாழ்த்து. நெடுநாள் என்பது சில வேளை வருத்தம். பத்துப்பாட்டில் ஒன்றான நெடுநல்வாடையின் பெயருக்கு உரைமரபு தரும் விளக்கம் இவ்விரண்டையும் ஒரே சொற்றொடரில் காட்டுகிறது. பாசறையில் வினை முடிக்கும் பாண்டியனுக்கு அந்த வாடை நல்லது. அரண்மனையில் பிரிந்திருக்கும் தேவிக்கு ஒரு பொழுது ஓர் ஊழியாகத் தோன்றுவதால் அதே வாடை நெடியது. ஒரே காற்று, ஒரே இரவு. துயரப்படுபவருக்கு மட்டும் அது நீள்கிறது. நீளம் என்ற சொல் இங்கே கடிகாரத்தை விட்டு மனத்தின் அளவாகிவிடுகிறது.

சாவா மூவாப் பேராடு

நிலைத்தலைச் சட்டமொழியில் சொல்லவேண்டிய தேவை கல்வெட்டுக்களுக்கு இருந்தது. கொடுத்த கொடை என்றைக்கும் செல்லவேண்டும் என்பதற்குச் சோழர் காலக் கல்வெட்டுக்கள் சந்திராதித்தவல் என்று எழுதின. சந்திரனும் ஆதித்தனும் உள்ளவரை என்பது பொருள். வானத்தைச் சாட்சியாக வைத்த இச்சொல்லைவிட ஆழமான இன்னொரு சொல்லும் அதே கல்வெட்டுக்களில் இருக்கிறது: சாவா மூவாப் பேராடு.

கோயிலில் அணையாமல் எரியும் விளக்குக்கு நந்தாவிளக்கு, நொந்தாவிளக்கு என்று பெயர். ஒரு விளக்கு எரிக்க நாள்தோறும் ஓர் உழக்கு நெய் வேண்டும். அதற்கென்று பெரும்பாலும் 90 அல்லது 96 ஆடுகள் கொடையாக வழங்கப்பட்டன. ஆடுகளை ஏற்று வளர்க்கும் இடையரைக் கல்வெட்டுக்கள் மன்றாடி என்று குறிக்கின்றன. அவர் நாள்தோறும் நெய் அளக்கவேண்டும். ஆட்டின் எண்ணிக்கை என்றும் குறையக்கூடாது. கிழடு சாகும், குட்டி பிறக்கும். மந்தை மட்டும் அப்படியே இருக்கும். அதனால் அது சாவாத, மூவாத ஆடு. ஒவ்வோர் ஆடும் சாகக்கூடியதுதான் என்பது இச்சொல்லை உண்டாக்கியவருக்கு நன்றாகத் தெரியும். சாவாமை தனி ஆட்டில் இல்லை. விடியுமுன் எழுந்து மந்தையை ஓட்டிப்போய், ஈன்ற குட்டியைக் காப்பாற்றி, வறண்ட கோடையிலும் உழக்கு நெய்யைக் கொண்டுவந்து சேர்த்த குடும்பத்தின் தலைமுறை தலைமுறையான உழைப்பில் இருக்கிறது.

வாழையடி வாழை என்ற வழக்கும் இதே உண்மையைத் தோட்டத்தில் கண்டது. ஒரு வாழை ஒரே ஒரு முறை குலை தள்ளும். அதன் அடியில் கன்று எழும்பும். மணமக்களை ஆலைப்போல் தழைத்து, அறுகைப்போல் வேரூன்றி வாழ வாழ்த்துகிறார்கள். அறுகம்புல் கோடையில் காய்ந்து சருகாகும். முதல் மழையில் கணுவிலிருந்து மீண்டும் துளிர்க்கும். உயரத்தில் ஆலமரத்துக்குக் கிட்ட வரமுடியாத அந்தப் புல் வாழ்த்தில் இடம்பெற்றது வேரின் பிடிப்பினால்.

தமிழ் நூல்கள் நிலைத்த வரலாறும் இப்படிப்பட்டதே. பனையோலை அழியும் பொருள். பூச்சி அரிக்கும், ஓரம் முறியும், எழுத்து மங்கும். அது முற்றிலும் அழியுமுன் இன்னொருவர் உட்கார்ந்து படியெடுத்தால்தான் நூல் அடுத்த நூற்றாண்டைக் காணும். உ.வே. சாமிநாதையர் 1887இல் சீவக சிந்தாமணியையும் 1892இல் சிலப்பதிகாரத்தையும் 1894இல் புறநானூற்றையும் அச்சேற்றியபோது அவர் கையில் இருந்தவை மூலப்புலவர் எழுதிய ஏடுகளல்ல. பெயர் தெரியாத பலர் தலைமுறைதோறும் எழுதிக் கைமாற்றிய படிகள்.

பொறை என்னும் பாரம்

துயர் தாங்குவதைச் சொல்லும் சொற்களில் முதன்மையானது பொறு. சுமத்தல் என்பது அதன் அடிப்படைப் பொருள். பொறை என்றால் பாரம்; பொறை என்றால் மலை; பொறை என்றால் பொறுமை. சேர மன்னர்களின் ஒரு கிளைக்குப் பொறையர் என்று பெயர். கரூர் அருகே புகளூர் ஆறுநாட்டார் மலையில் உள்ள தமிழ்ப் பிராமிக் கல்வெட்டில் செல்லிரும்பொறை என்ற மன்னனின் பெயர் இன்றும் படிக்கக் கிடைக்கிறது. மலையும் பாரமும் பொறுமையும் ஒரு சொல்லில் சேர்ந்திருப்பதற்குக் காரணம் எளிது. மூன்றும் கனமானவை, மூன்றும் அசையாதவை.

இந்த வேரிலிருந்து பொறுத்தல், பொறுமை, பொறுப்பு, பொறுதி முதலிய சொற்கள் பிறந்தன. பிழையைப் பொறுத்தல் மன்னிப்பு. நேரத்தைப் பொறுத்தல் காத்திருப்பு. ஒரு காரியத்தைத் தோளில் ஏற்பது பொறுப்பு. குடும்பப் பொறுப்பு என்ற சொல்லைப் பேசும் ஒவ்வொருவரும் அறியாமலே ஒரு சுமையைப் பற்றித்தான் பேசுகிறார். திருக்குறளின் 16ஆம் அதிகாரமான பொறையுடைமை, தன்னைத் தோண்டுபவரையும் தாங்கும் நிலத்தை முதல் உவமையாக வைக்கிறது. பொறுத்தார் பூமி ஆள்வார் என்ற பழமொழியிலும் அதே பூமி வருகிறது. குத்துபவர்மேல் கோபப்படாத பூமி, பொறுத்தவர் கைக்கே போய்ச் சேர்கிறது.

தாங்கு என்பது பொறுவின் இணைச்சொல். நீரைத் தாங்கி நிற்கும் ஏரிக்குத் தாங்கல் என்று பெயர். வேடந்தாங்கல், பழவந்தாங்கல் முதலிய ஊர்ப்பெயர்களில் அச்சொல் வாழ்கிறது. ஒருவர்மேல் உள்ள வருத்தத்தை வெளியே கொட்டாமல் உள்ளே தேக்கிவைப்பது மனத்தாங்கல். ஏரியில் தேங்கும் நீரும் நெஞ்சில் தேங்கும் வருத்தமும் ஒரே சொல்லால் சொல்லப்படுகின்றன. எதிரி தாக்கும்போது நிலையை விடாமலிருப்பது தாக்குப்பிடித்தல். போர்க்களத்துக்கு உரிய இந்தச் சொல் இன்று மாதக் கடைசியில் கைச்செலவுக்குத் திண்டாடும் வீடுகளில் அதிகம் வழங்குகிறது.

தாங்குதல் என்ற வினை கல்லாகவே உருக்கொண்ட இடம் சுமைதாங்கி. தலைச்சுமையோடு நடந்துபோனவர்கள் பிறர் உதவியின்றிப் பாரத்தை இறக்கி வைக்கவும் மீண்டும் எடுத்துத் தலையில் வைத்துக்கொள்ளவும், ஆள் உயரத்தில் இரண்டு கல்லை நட்டு மேலே ஒரு கல்லைக் கிடத்தினார்கள். தமிழ்நாட்டின் பழைய சாலையோரங்களில் இவை இன்றும் நிற்கின்றன. கர்ப்பிணியாக இருக்கும்போது இறந்த பெண்ணின் நினைவாக அவளுடைய குடும்பத்தார் சுமைதாங்கி நடுவது வழக்கமாக இருந்தது. இறக்கி வைக்க முடியாத சுமையோடு போனவளுக்காக, வழியே போகும் எல்லாருடைய சுமையையும் சற்று நேரம் தாங்கும் ஒரு கல். துயரத்தைப் போக்க முடியாதபோது அதைப் பிறருக்குப் பயன்படும் பொருளாக்கிய இந்த வழக்கத்தைவிட உயர்ந்த நினைவுச்சின்னம் எளிதில் கிடைக்காது.

நோன்பு

நோன்றல் என்ற பழைய வினைக்குப் பொறுத்தல், தாங்குதல் என்று பொருள். நோன்மை என்றால் வலிமை; தாங்கும் வலிமை. திருக்குறளின் 27ஆம் அதிகாரம், தனக்கு வந்த துன்பத்தைப் பொறுப்பதும் பிற உயிர்க்குத் துன்பம் செய்யாதிருப்பதுமே தவத்தின் வடிவம் என்று தொடங்குகிறது. பொறுப்பதற்கு அங்கே ஆளப்படும் சொல் நோன்றல். பிறர் தந்த துன்பத்தைப் பொறுப்பவன் அதைத் திருப்பித் தருவதற்குக் காரணம் தேடமாட்டான் என்பதே அந்தக் குறளின் கனம்.

நோன்றல் வழக்கிறந்துவிட்டது, நோன்பு நிலைத்துவிட்டது. மார்கழியில் பாவை நோன்பு, மாசி முடிந்து பங்குனி பிறக்கும் வேளையில் காரடையான் நோன்பு, ஐப்பசியில் கேதார கௌரி நோன்பு என்று ஆண்டு முழுவதும் நோன்புகள் வருகின்றன. தமிழ் முஸ்லிம்கள் ரமலான் மாதப் பட்டினிக்கு இந்தப் பழந்தமிழ்ச் சொல்லையே கொண்டார்கள். நோன்பு வைத்தல், நோன்பு திறத்தல், நோன்புக் கஞ்சி என்பவை அவர்கள் வீட்டுச் சொற்கள். மாலையில் பள்ளிவாசலில் ஊற்றும் நோன்புக் கஞ்சி மதவேறுபாடின்றி அக்கம்பக்கத்து வீடுகளுக்கும் போகிறது. பசியைத் தானாக ஏற்றுப் பொறுத்தவர், பசியைத் தவிர்க்க முடியாதவரை அறிந்துகொள்கிறார். நோன்பு என்ற சொல்லுக்குள் இரண்டாயிரம் ஆண்டாகத் தாங்குதல் என்ற பொருள் மறையாமல் இருப்பதற்கு இந்த நடைமுறையே காவல்.

பாடு என்ற சொல்லும் இங்கே சேர்க்கத்தக்கது. படு என்ற வினையிலிருந்து வந்த பாடு, அனுபவிக்க நேர்வதைக் குறிக்கும். உழைப்பது பாடுபடுதல்; பட்டுப் பெற்ற அறிவு பட்டறிவு; அன்றாடச் சாப்பாட்டுக்கான போராட்டம் வயிற்றுப்பாடு. கடலோர ஊர்களில் வலையில் சிக்கும் மீனின் அளவு மீன்பாடு. தமிழ்க் கிறிஸ்தவர்கள் இயேசு சிலுவையில் பட்ட துன்பங்களைப் பாடுகள் என்பார்கள். உழைப்பும் வேதனையும் விளைச்சலும் ஒரு சொல்லில் ஒன்றாக நிற்பது, பாடுபட்டவர்கள் உண்டாக்கிய மொழிக்கே வாய்க்கும்.

ஆறுதலும் ஆற்றுதலும்

ஆறு என்ற வினைக்குச் சூடு தணிதல் என்பது பொருள். கொதித்த பால் ஆறுகிறது, புண் ஆறுகிறது, நடந்தவர் இளைப்பாறுகிறார், உண்டவர் பசியாறுகிறார், துக்க வீட்டுக்குப் போனவர் ஆறுதல் சொல்கிறார். துன்பம் இச்சொற்களில் ஒரு வெப்பமாகக் காணப்படுகிறது. வெயில் கடுமையான நாட்டில் துன்பம் சூடாகவும் அதிலிருந்து மீள்வது குளிர்ச்சியாகவும் சொல்லப்படுவது இயல்பு.

இதன் பிறவினை ஆற்று. பாலை ஆற்றலாம்; கோபத்தை ஆற்றலாம்; பிறர் துயரை ஆற்றலாம். அதே வடிவத்திலுள்ள ஆற்று என்பது செய்து முடித்தலையும் தாங்கும் திறத்தையும் குறிக்கும். கடமையாற்றுதல், ஆற்றல், ஆற்றாமை என்பவை அவ்வழி வந்தவை. தலைவி ஆற்றாள் ஆயினாள் என்று உரையாசிரியர்கள் எழுதும்போது அவள் பிரிவைத் தாங்கமுடியாதவளானாள் என்று பொருள். ஆற்றலுக்கு இன்றைய வழக்கில் சக்தி என்ற பொருளே முன்னிற்கிறது; மின்னாற்றல், அணுவாற்றல் என்ற அறிவியல் சொற்களும் எழுந்தன. ஆனால் ஆற்றாமை என்ற எதிர்ச்சொல்லைக் கேட்கும்போது, ஆற்றல் என்பது முதன்மையாகத் தாங்கும் திறம் என்பது நினைவுக்கு வருகிறது.

எல்லாப் புண்ணும் ஆறுவதில்லை. தீச்சுட்ட புண்ணின் உட்புறம் ஆறும், நாவால் சுட்டது ஆறாது என்று வள்ளுவர் பிரித்தார். பின்னதை அவர் வடு என்றார். இலங்கைத் தமிழில் போருக்குப் பின்னான உளநலப் பணிகளில் மனவடு, உளநெருக்கீடு என்ற சொற்கள் பரவின. நெருக்கீடு, நெருக்கடி, முட்டுப்பாடு என்பவற்றில் துன்பம் இடமில்லாத ஒடுக்கமாகத் தெரிகிறது. மனவடு என்பதில் அது ஆறிய பின்னும் மறையாத தழும்பு. தழும்பை மறுக்காமல் ஆறுதலை நோக்கிப் பேச இச்சொல் இடம் தருகிறது.

பிழைத்தலும் தவறுதலும்

இச்சொற்களில் மிகவும் வியப்புக்குரியது பிழை. எழுத்துப்பிழை என்றால் தவறு. உயிர் பிழைத்தான் என்றால் சாவிலிருந்து தப்பினான். பிழைப்பு என்றால் வாழ்வதற்கான தொழில். தவறுக்கும் உயிர் வாழ்வதற்கும் ஒரே சொல் எப்படி வந்தது என்ற கேள்விக்கு விடை திருக்குறளின் 78ஆம் அதிகாரமான படைச்செருக்கில் கிடைக்கிறது. காட்டு முயலைக் குறிதவறாமல் வீழ்த்திய அம்பைவிட, யானையின்மேல் எறிந்து குறிதப்பிய வேலை ஏந்துவதே இனிது என்கிறது அங்குள்ள ஒரு குறள். குறிதப்பியதற்கு அங்கே வரும் சொல் பிழைத்தல். வேலின் பக்கம் நின்று பார்த்தால் அது இலக்குத் தவறியது, அதாவது பிழை. யானையின் பக்கம் நின்று பார்த்தால் அது உயிர் தப்பியது, அதாவது பிழைத்தது. ஒரே நிகழ்ச்சியின் இரண்டு பக்கங்களே இன்று இரண்டு பொருள்களாக நிற்கின்றன.

தப்பு என்ற சொல்லும் இதே வழியில் நடந்தது. தப்பு என்றால் குற்றம். தப்பித்தல் என்றால் அகப்படாமற் போதல். தெலுங்கிலும் கன்னடத்திலும் இச்சொல் இவ்விரண்டு பொருளையும் தாங்கி வழங்குகிறது. மூன்றாவது சொல்லான தவறு மட்டும் எதிர்த்திசையில் திரும்பியது. தவறு என்றால் பிழை. ஒருவர் தவறிவிட்டார் என்றால் இறந்துவிட்டார். குறியைத் தவறவிடுதல் என்ற ஒரே கருத்திலிருந்து பிறந்த மூன்று சொற்களில் இரண்டு வாழ்வின் பக்கமும் ஒன்று சாவின் பக்கமும் போய்ச் சேர்ந்தன.

பிழைப்பு என்ற சொல்லில் ஒரு வரலாறு படிந்திருக்கிறது. 1876 முதல் 1878 வரை சென்னை மாகாணத்தை வாட்டிய பெரும் பஞ்சத்தை மக்கள் தாது வருஷப் பஞ்சம் என்று நினைவில் வைத்தார்கள். கஞ்சித்தொட்டி என்ற சொல் பஞ்ச காலத்தின் அடையாளமாயிற்று. சென்னையில் அடையாற்றையும் கூவத்தையும் இணைக்கும் பக்கிங்காம் கால்வாய்ப் பகுதி அந்த ஆண்டுகளில் பஞ்ச நிவாரண வேலையாக வெட்டப்பட்டது. பஞ்சமும் கடனும் துரத்த, இலங்கையின் காப்பி, தேயிலைத் தோட்டங்களுக்கும் பர்மாவுக்கும் மலாயாவுக்கும் கண்காணிகளின் பின்னே கூட்டம் கூட்டமாக மக்கள் போனார்கள். அவர்கள் போனதற்கு ஊர் வைத்த பேர் பிழைக்கப் போதல். வாழப் போதல் என்று யாரும் சொல்லவில்லை. பெண் வாழப்போவது புகுந்த வீட்டுக்கு. பிழைக்கப் போவது ஊர் கைவிட்டபோது. உயிரைத் தக்கவைப்பதற்கும் நிறைவாக இருப்பதற்கும் உள்ள தூரத்தை இவ்விரண்டு வினைகளும் துல்லியமாக அளந்து வைத்திருக்கின்றன. இதெல்லாம் ஒரு பிழைப்பா என்று வேதனையோடு கேட்பவர் அந்தத் தூரத்தைத்தான் சுட்டுகிறார்.

பஞ்சத்துக்கு வற்கடம் என்று ஒரு பழம்பெயர் உண்டு. இறையனார் களவியல் உரையில் வரும் கதைப்படி பாண்டிய நாட்டில் பன்னிரண்டு ஆண்டு வற்கடம் வந்தது. புலவர்களைப் பேண முடியாத மன்னன் அவர்களை வேறு நாடுகளுக்குப் போகச் சொன்னான். மழை பெய்து நாடு செழித்தபின் ஆள் விட்டுத் தேடியபோது எழுத்தும் சொல்லும் யாப்பும் வல்லவர்கள் கிடைத்தார்கள். பொருளதிகாரம் வல்லவர் கிடைக்கவில்லை. அந்தக் குறையைப் போக்க 60 நூற்பாக்கள் அருளப்பட்டன என்று கதை முடிகிறது. நூல் வல்லவர் பிழைத்தால்தான் நூலும் பிழைக்கும் என்ற அச்சம் இக்கதையின் உயிர்.

பிழையைவிட உயர்ந்த தொனி உடைய சொல் உய். உய்தல், உய்வு, உய்தி என்பவை அழிவிலிருந்து நல்ல நிலைக்குக் கரையேறுவதைச் சொல்லும். பிழைத்தவர் தம் முயற்சியால் தப்பியவர். உய்ந்தவர்க்குப் பெரும்பாலும் கைகொடுத்த ஒருவர் உண்டு. முதலாம் இராசராசனின் பட்டப்பெயரால் உய்யக்கொண்டார் வளநாடு என்ற சோழநாட்டுப் பிரிவு அமைந்தது. திருச்சிராப்பள்ளி வழியாகப் பாயும் உய்யக்கொண்டான் வாய்க்காலும் அவன் காலத்தது என்பது மரபு. பெட்டவாய்த்தலையில் காவிரியிலிருந்து பிரியும் அந்த வாய்க்கால் வாழவந்தான்கோட்டை ஏரியில் போய் முடிகிறது. உய்தலில் தொடங்கும் நீர் வாழ்தலில் சென்று சேர்கிறது என்பதை வயலுக்கு நீர் பாய்ச்சிய மக்கள் ஊர்ப்பெயரிலேயே எழுதிவைத்தார்கள்.

காழ்

தாங்கிப் பழகியது இறுகும். இறுகிய பகுதிக்குக் காழ் என்று பெயர். தொல்காப்பிய மரபியல் வெளிப்புறம் காழ்ப்பு உடையவற்றைப் புல் என்றும் உட்புறம் காழ்ப்பு உடையவற்றை மரம் என்றும் வகுக்கிறது. அந்தக் கணக்கில் தென்னையும் பனையும் மூங்கிலும் புல். தேக்கும் புளியும் மரம். ஆண்டுகள் ஏறஏற மரத்தின் நடுப்பகுதி கறுத்து இறுகுவதை வைரம் பாய்தல் என்று தச்சர்கள் சொல்வார்கள். வைரம் பாய்ந்த கட்டையைக் கறையான் எளிதில் தொடாது. பல துன்பம் கண்டு தளராத கிழவரையும் வைரம் பாய்ந்த உடம்பு என்பார்கள்.

இறுகுவதில் ஆபத்தும் உண்டு என்பதை மொழி மறைக்கவில்லை. காழ்ப்பு என்றால் இன்று தீராத பகை. நெஞ்சில் இறுகிய வருத்தம் காழ்ப்புணர்ச்சியாகிறது. கால் உணர்விழந்தால் மரத்துப்போனது. மனம் உணர்விழந்தாலும் மரத்துப்போனது. பொறுத்துப் பொறுத்து உறுதி பெறுவதற்கும், பொறுத்துப் பொறுத்து மரமாகிவிடுவதற்கும் உள்ள வேறுபாட்டை இச்சொற்கள் எச்சரிக்கையாகச் சொல்கின்றன. திருக்குறளின் 63ஆம் அதிகாரமான இடுக்கண் அழியாமை காட்டும் வழி வேறு. மேடு பள்ளமெல்லாம் வண்டியை விடாது இழுக்கும் எருதைப் போன்றவனிடம் வந்த துன்பமே துன்பப்படும் என்கிறது அது. எருது மரத்துப்போகவில்லை, ஒவ்வோர் அடியிலும் பாரத்தை உணர்ந்தபடியே இழுக்கிறது.

காலம் தள்ளுதல்

நிலைத்தலும் தாங்குதலும் ஒன்றாகச் சேரும் இடம் அன்றாடப் பேச்சு. எப்படி இருக்கிறீர்கள் என்று கேட்டால், ஏதோ ஓடுது, காலத்தைத் தள்ளுகிறேன், பொழுதை ஓட்டுகிறேன், வண்டி ஓடுது என்று விடை வரும். நல்ல நாட்களில் காலம் தானாகப் போகிறது. போவதே தெரியவில்லை என்பார்கள். கெட்ட நாட்களில் அது நின்றுவிடுகிறது. பழுதான வண்டியைப் போல மனிதன் இறங்கித் தள்ளவேண்டும். காலத்தைத் தாங்கி நிற்பது என்ற பெரிய கருத்தை, கையால் தள்ளும் வேலையாக இந்தப் பேச்சுவழக்கு மாற்றிவிட்டது.

துணைவினைகளும் இதே வேலையைச் செய்கின்றன. செய்து வருகிறார் என்றால் முன்பு தொடங்கி இன்றுவரை இடைவிடாது செய்கிறார். செய்துகொண்டே இருக்கிறார் என்றால் நிறுத்தவில்லை. வருதலும் இருத்தலும் இங்கே தம் நேர்ப்பொருளை விட்டு விடாமுயற்சியின் இலக்கணமாகிவிட்டன.

புதிய சொற்கள்

இருபதாம் நூற்றாண்டின் பிற்பகுதியிலிருந்து வளர்ச்சித் துறையும் மருத்துவமும் சூழலியலும் இதே வேர்களிலிருந்து புதிய சொற்களை ஆக்கின. வருங்காலத் தலைமுறைக்கும் வளத்தை விட்டுவைக்கும் வளர்ச்சிக்குத் தமிழ்நாட்டில் நீடித்த வளர்ச்சி, நிலையான வளர்ச்சி, வளங்குன்றா வளர்ச்சி என்ற வழக்குகள் உள்ளன. இலங்கையில் நிலைபேறான அபிவிருத்தி என்பது அரசு வழக்கு. நீடு, நில் ஆகிய இரண்டு பழைய வினைகளும் இங்கே புதுப்பணியில் இருக்கின்றன. வளங்குன்றா என்பது சாவா, மூவா என்பவற்றைப் போலவே எதிர்மறையில் அமைந்த சொல். குன்றக்கூடிய ஒன்றைக் குன்றாமல் காக்கும் கடமையை அது நினைவூட்டுகிறது.

உயிரியலில் தக்கன பிழைத்தல் என்ற தொடர் வந்தது. யானை தப்பிய பழைய பொருள் அதில் மீண்டும் உயிர்பெற்றது. 2004 டிசம்பர் 26 அன்று ஆழிப்பேரலை நாகப்பட்டினம் முதல் இலங்கையின் கிழக்குக் கரை வரை தாக்கியபின் தப்பிப் பிழைத்தவர்கள் என்ற தொடர் செய்திகளில் நாள்தோறும் வந்தது. தப்புதலும் பிழைத்தலும் ஒரே பொருளாயினும் இரண்டையும் அடுக்கிச் சொன்னால்தான் அந்தப் பேரழிவின் அளவு காதுக்கு எட்டியது. அரசுத் திட்டங்களில் பிழைப்பு என்ற சொல்லின் இடத்தை வாழ்வாதாரம் பிடித்தது. பிழைப்பில் படிந்திருந்த இழிவை நீக்கி, உழைப்பவருக்கு வாழும் உரிமை உண்டு என்று சொல்லும் மாற்றம் அது.

பேரிடரிலிருந்தும் நோயிலிருந்தும் எழுந்து வரும் தன்மைக்கு மீள்திறன், மீண்டெழும் தன்மை, தாங்குதிறன் என்ற சொற்கள் எழுத்தில் வழங்குகின்றன. மீள் என்பது போன இடத்திலிருந்து திரும்பி வருதல். தாங்கு என்பது இருந்த இடத்திலேயே நிற்றல். ஊரை விட்டு ஓடித் திரும்பியவர்களுக்கு முதற்சொல்லும், ஊரிலேயே இருந்து எல்லாவற்றையும் பட்டவர்களுக்கு இரண்டாம் சொல்லும் பொருந்தும். இரண்டும் திறன் என்று முடிவதால் அவற்றை ஒருவருக்குள் இருக்கும் குணமாக மட்டும் கருதிவிட வாய்ப்புண்டு. பழைய சொற்கள் அந்தக் குறையை நிரப்புகின்றன. சாவா மூவாப் பேராட்டுக்கு ஒரு மன்றாடி வேண்டும். சுமைதாங்கிக்கு இரண்டு கல் வேண்டும். ஒற்றைக் கல் எந்தச் சுமையையும் தாங்காது.